சைராவின் பதினேழு சுற்று

சைராவுக்குச் சைக்கிளில் ஏறத் தெரியும், ஓட்டத் தெரியும், வளைக்கக்கூடத் தெரியும். இறங்கத்தான் தெரியாது. கற்றுக்கொடுத்த மேதாவிகள் இருவரும் அதுவரை விழுந்துதான் இறங்கியிருந்தார்கள். தெரியாத பாடத்தை அவர்கள் எங்கே நடத்துவது!

மேதாவிகளில் பெரியவன் அண்ணன் நயீம், அவளுக்கு இரண்டு வயது மூத்தவன். தம்பி இஷ்தியாக்குக்கு ஒன்பது முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் வீட்டை ஒட்டித் தோல் பதனிடும் அவர்கள் டேனரியில் ஈ காக்கை இருக்காது. தொழுகை முடிந்த கையோடு பையன்கள் கடைசி வரிசையிலிருந்து நழுவி ஓடிவந்துவிடுவார்கள். டேனரி முதலாளியான அப்பா லியாகத் அலி மட்டும் மசூதி வாசலில் நாலு பேரோடு தோல் விலை பேசிவிட்டு ஆடி அசைந்து வருவார். ஆம்பூரிலேயே விரல்விட்டு எண்ணும் சைக்கிள்கள்தான் அப்போது. அவற்றில் ஒன்று அப்பாவுடைய சீமைச் சைக்கிள். அந்த அரை மணி நேரம் அது இவர்கள் ராஜ்ஜியம்.

மாட்டிக்கொண்டால் பையன்களுக்கு முதுகில் நாலு விழும், அதோடு சரி. சைராவுக்கு அப்படியில்லை. வீட்டுக்கும் டேனரி முற்றத்துக்கும் நடுவில் இருக்கும் கதவைப் பூட்டிவிடுவார்கள். "பதினோரு வயசாச்சு, இன்னும் இன்னா ஆட்டம்?" என்று அம்மா ஹலீமா பீ ஏற்கெனவே பூட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அன்று சைரா கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டபடி, காயப்போட்ட தோல்களைச் சுற்றிப் பதினைந்தாவது சுற்று வந்தபோது, தெருக்கோடியில் அப்பாவின் குரல் கேட்டது.

"பிரேக்கைப் புடி!" என்று கத்தினான் நயீம்.

"கை எட்டலியே பாய்ஜான்!"

"அப்போ பெடலை நிறுத்து!"

"நிறுத்தினா விழுந்துடுவேன்!"

"மெத்துன்னு இருக்கற எடமா பார்த்து விழு ஆபா!" என்று அக்காவுக்கு வழி சொன்னான் இஷ்தியாக்.

மெத்தென்று இருந்தது சுண்ணாம்புக் குழி ஒன்றுதான். அதில் இறங்கிய தோலில் ஒரு மயிர்கூட மிஞ்சாது என்பது டேனரிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சைராவுக்குத் தன் பின்னல்மேல் ஆசை ஜாஸ்தி. பதினேழாவது சுற்றில், தலையெழுத்துப்படி நடக்கட்டும் என்று தோல் பதனிடக் கொட்டியிருந்த ஆவாரம்பட்டைக் குவியலை நோக்கிச் சைக்கிளை விட்டாள். சைக்கிள் பாதி மேடேறிச் சாய்ந்தது. அவள் தலைகுப்புறப் பட்டைக்குள் போனாள்.

அவளை இழுத்து நிறுத்துவதற்குள் வெளியே நின்ற காவல்காரன் காசி கேட்டைத் திறந்துவிட்டான். அப்பா உள்ளே வந்தார்.

"எவன்டா சைக்கிளை எடுத்தது?"

நயீம் முன்னால் வந்தான். "நான்தான்ப்பா. சைரா சும்மா வேடிக்கை பார்த்தா. பதினேழு சுத்து ஓட்டினேன், கடைசிலதான் விழுந்துட்டேன்."

தங்கைக்காக அடி வாங்கத் துணிந்த அண்ணனை அந்த நிமிடம் சைராவுக்கு எவ்வளவோ பிடித்தது. ஆனால் அடி விழவில்லை. ஓங்கிய கை பாதியில் நின்றது.

"பதினேழா? யாரும் புடிக்காமலா? சபாஷ்டா! காசி, பார்த்தியா எம் புள்ளையை!"

நயீமும் கூசாமல் நெஞ்சை நிமிர்த்தினான். வளைவில் உடம்பை எப்படிச் சாய்க்கவேண்டும் என்று காசிக்கு விளக்கவும் ஆரம்பித்தான்.

சைராவுக்கு வயிறு எரிந்தது. அரைச் சுற்றுத் தாண்டாத பயல்! வாயை மூடிக்கொண்டால் அடுத்த வெள்ளியும் உண்டு, அதற்கடுத்த வெள்ளியும் உண்டு. திறந்தால் கதவு பூட்டிக்கொள்ளும். எல்லாம் தெரிந்துதான் திறந்தாள்.

"பொய்ப்பா! இவன் அரைச் சுத்துலயே விழுந்துட்டான். பதினேழும் நான் ஓட்டினது!"

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். பின்னல் முழுக்க ஆவாரம்பட்டை, முழங்காலில் கிழிசல். நயீம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாளைலேர்ந்து நீ இந்த முத்தத்துல கால் வைக்கக் கூடாது."

தலையாட்டினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் சொன்னதற்காக அவள் வருத்தப்படவில்லை.

அப்பா சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, கோணியிருந்த ஹேண்டில்பாரை நேராக்கினார்.

"காசி, கேட்டைச் சாத்து. ஒருத்தரையும் உள்ளே விடாதே."

பிறகு சீட்டைப் பிடித்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

"நாளைலேர்ந்துன்னுதானே சொன்னேன்? ஏறு."