மே இருபத்துமூன்று, காலை பத்தேகால்

ஒவ்வோர் ஆண்டும் மே இருபத்துமூன்றாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருக்கும் தம்பி, கழுத்தில் அளவு டேப்போடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்பார். நின்றதும் இருவரும் நான்கு நிமிடம் சண்டை போடுவார்கள். ஒரு வார்த்தைகூட மாறாது.

காரணம் அண்ணன்தான். அவர் உள்ளூர் நாளிதழில் பிழைதிருத்துபவர். மே மாதம் மட்டும் ‘அன்று சிரித்தோம்’ என்றொரு பத்தி வரும். ஊரில் முன்பு நடந்த வேடிக்கைகளைத் தேதிவாரியாகத் தொகுப்பதும் அவர் வேலை. அதில் ஏறியது எதுவும், நீக்கும்வரை, ஆண்டுதோறும் அதே தேதியில் மறுபடி நடக்கும். நான்காம் தேதி நகராட்சித் தலைவர், யாராக இருந்தாலும், நாற்காலியோடு ஒட்டிக்கொள்வார். மற்ற நாட்களில் ஒட்டிக்கொள்வதை ஊர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பதினேழாம் தேதி தீயணைப்பு வண்டி தானே தீப்பிடிக்கும். தெருக்காரர்கள் வாளியோடு காத்திருப்பார்கள்.

ஒரு வருடம் இருபத்துமூன்றுக்கு ஒன்றுமே அகப்படவில்லை. பக்கம் அச்சுக்குப் போகக் கால்மணி நேரம்தான் இருந்தது. முந்தின ஆண்டு அதே நாளில் தம்பியோடு ஒரு ஏணிக்காகப் போட்ட சண்டையை அவசரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஊர் சிரித்தது. தம்பி அப்போது உள்ளூரில்தான் கடை வைத்திருந்தார். அளவு கொடுக்க வந்தவர்களெல்லாம் ஏணியை விசாரித்தார்கள். ஒரே மாதத்தில் கடையைக் காலி செய்துகொண்டு வெளியூர் போனார். அண்ணன் போட்ட கடிதங்கள் பிரிக்கப்படாமல் திரும்பின. ஆனாலும் மறு மே அவரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியது.

“ஒன்பது படி ஏணிய வாங்கிட்டுப் போன. எட்டோட வந்திருக்கு. ஒன்னத் தின்னுட்டியா?”

“நீ ஏறுற உயரத்துக்கு எட்டே ஜாஸ்தி! இனிமே இந்த வீட்டுப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!”

மன்னிப்புக் கேட்கத்தான் அண்ணன் வாயைத் திறப்பார். ‘தின்னுட்டியா’ என்றுதான் வரும். ஒரு வருடம் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தும் அதுவே வந்தது. நாளிதழில் திருத்தம் வெளியிட்டார். மே மாதம் அதைச் சட்டை செய்யவில்லை. முடிந்ததும் தம்பி திரும்பிப் பாராமல் பஸ் நிலையத்துக்கு நடப்பார். அந்தச் செய்தியை நீக்கச் சொல்லி அண்ணன் ஆண்டுதோறும் ஆசிரியரிடம் நின்றார்.

“வாசகர்கள் இதைத்தான்யா முதல்ல படிக்கிறாங்க. குடும்பச் சண்டைக்கு இருக்கிற மவுசு தீயணைப்பு வண்டிக்கு உண்டா?”

ஊரார் பிழையெல்லாம் திருத்திய கை, தன் பிழை ஒன்றைத் திருத்த முடியாமல் பத்து வருடம் கிடந்தது. எரிச்சலில் அவர் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

பதினோராம் வருடம் மே பிறந்ததும் அவர் மனைவி கேட்டார். “உங்க தம்பி வாயையே பாக்குறீங்களே, கால ஒரு தடவையாவது பாத்தீங்களா? மெஷின் மிதிக்கிறவர் செருப்புப் போட்டுக்கிட்டா உக்காருவாரு? பத்து வருஷமா இந்த வெயில்ல வெறுங்காலோடதான் திரும்பிப் போறாரு.”

அன்று அண்ணன் புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கினார். இருபத்துமூன்றாம் தேதி காலை, ‘கடவுளே, வாயத்தான் நீ எடுத்துக்கிட்ட, கையையாவது விட்டுவை’ என்று வேண்டிக்கொண்டார். கடவுள் விட்டுவைத்தார். “தின்னுட்டியா?” என்று கத்திக்கொண்டே குனிந்து, செருப்பைத் தம்பியின் காலடியில் வைத்தார். தம்பியும் கத்திக்கொண்டே போட்டுக்கொண்டார். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

மறு வருடம் அதே செருப்போடு வந்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் மெஷின் முன் காத்திருந்திருக்கிறார். வாய் திட்டிக்கொண்டிருக்க, கை டேப்பை எடுத்து அண்ணனின் தோளையும் மார்பையும் அளந்தது. அதற்கடுத்த வருடம் கையில் ஒரு சட்டை இருந்தது. நான்கு நிமிடம் முடிந்தது. தம்பி போகவில்லை.

“மன்னிச்சுக்கடா,” என்றார் அண்ணன், பதின்மூன்று வருடத்தில் முதல் முறையாக.

“அத விடு. கையத் தூக்கு. அக்குள்ல பிடிக்குதா?”

அடுத்த ஆண்டு வந்த புது ஆசிரியர் இரக்கமுள்ளவர். தாமாகவே கூப்பிட்டு, “அந்த ஏணி விஷயத்த எடுத்துடலாமா சார்?” என்று கேட்டார்.

எடுத்துவிட்டால் தம்பி பஸ்ஸில்தான் வர வேண்டும் என்று பிழைதிருத்துபவர் கணக்குப் போட்டார். ஆறு மணி நேரப் பயணம், அதுவும் மே வெயிலில்.

“இருக்கட்டுங்க,” என்றார்.

இன்றும் பத்தேகாலுக்குச் சண்டை தொடங்குகிறது. இந்த வீட்டுப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன் என்று தம்பி வாசலில் கத்தி முடிக்கும்போது, உள்ளே அண்ணி அவருக்கான தலையணைக்கு உறை மாற்றிக்கொண்டிருப்பார்.