ஆளுநருக்கு எதிரே ஓர் ஆள்

"சாமி வந்துட்டாரா?" என்று கேட்டார் ஒலிப்பதிவாளர்.

"எப்பவோ வந்துட்டார். வெளியில டீ குடிச்சிட்டிருக்கார்" என்றாள் இயக்குநர்.

பழைய ஏற்பாட்டைக் குரல் நாடகமாகப் பதிவு செய்கிற அந்தக் கூடத்தில், கடவுளுக்குக் குரல் கொடுப்பவருக்குச் சாமி என்றே பெயர் விழுந்துவிட்டது. ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் அறிவிப்புச் சொன்னவர். அவர் வாயைத் திறந்தால் இன்றைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால் தலைவர் நின்றிருந்தார். பேருந்து ஓட்டுநர் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருஷம் தலைவர். போன வருஷத் தேர்தலில் அவர் வளர்த்துவிட்ட ஆளே அவரைத் தோற்கடித்தான். அதன்பிறகு அவர் கையில் ஒருவரும் மைக் கொடுக்கவில்லை. இந்த ஆளுநர் வேஷத்துக்குக் கூப்பிட்டபோது, மறுநாள் வரவேண்டியவர் அன்றைக்கே வந்து நின்றார்.

கதைப்படி, இடிந்த நகரச் சுவரை ஐம்பத்திரண்டு நாளில் எழுப்பியவர் அந்த ஆளுநர். ஐந்து நாளாக எல்லாம் நன்றாகத்தான் போனது. இடையிடையே வருகிற வேண்டுதல்தான் மக்கர் செய்தது. சுவர் கட்டினேன், பதவிக்குரிய படிப்பணத்தை வாங்கவில்லை, இதையெல்லாம் மறக்காமல் என்னை நல்லவிதமாக நினைத்துக்கொள் என்று கடவுளிடம் கேட்கிற வரிகள். மொத்தம் நான்கு இடம்.

ஒன்பதாவது தடவையும் அவர் சொல்லி முடித்ததும் இயக்குநர் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"தலைவரே, இருக்கறது ஒரு மைக். மைதானம் இல்லை."

"சத்தம் ஜாஸ்தியா?"

"சத்தம் இல்லை. ஜெயிச்ச மாதிரி கேக்கறீங்க. கைதட்டு வரும்னு காத்திருக்கற மாதிரி."

அவர் வேட்டியை இறுக்கிக்கொண்டார். அவருக்கும் விஷயம் தெரியும். இன்று சாயங்காலத்துக்குள் நான்கு வரியும் சரியாக வராவிட்டால், ஐந்து நாள் பதிவையும் அழித்துவிட்டு நாடகக்காரர் ஒருவரை வைத்து முதலிலிருந்து தொடங்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. நாடகக்காரரும் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

இயக்குநருக்கு ஒரு வழக்கம். யார் வசனம் பேசினாலும், அதைக் கேட்கவேண்டியவர் எதிரில் நின்றாகவேண்டும். வெறும் சுவரைப் பார்த்துப் பேசினால் குரலில் உயிர் வராது என்பாள். வேண்டுதல் என்று பட்டியலில் பார்த்ததுமே சாமிக்குப் போன் போட்டுவிட்டாள்.

சாமி உள்ளே வந்து தலைவருக்கு எதிரே நின்றார். பதிவு ஓடியது. தலைவர் கேட்டார். சாமி கனிவாகத் தலையாட்டினார். உடனே தலைவர் முகம் மலர, குரல் பழையபடி பணிமனை வாசலில் சங்கக் கூட்டம் பேசப் போய்விட்டது.

"சாமி! தலையாட்டாதீங்க!"

"மனுஷன் இவ்வளவு தூரம் கேக்கறாரு, மரம் மாதிரி நிக்கச் சொல்றியேம்மா."

"உங்களுக்கு அங்க ஒண்ணும் எழுதலை."

"அதைத்தான் காலையிலேருந்து கேக்கறேன். வசனமே இல்லாம என்னை எதுக்கு வரச்சொன்னே? கப்பல் செஞ்சவருக்குப் பதில் சொன்னேன். புதர் எரியறதைப் பாத்து செருப்பைக் கழட்டினாரே, அவர்கிட்ட எவ்வளவு நேரம் பேசினேன்! இந்த ஆளுநர்கிட்ட மட்டும் ஒத்தை வார்த்தை கிடையாது."

தலைவர் காதிலிருந்த கருவியைக் கழற்றினார்.

"ஒத்தை வார்த்தை கிடையாதா?"

"கிடையாது தலைவரே."

"நாலு இடத்துக்குமா?"

"நாலுக்கும்தான். ஏன், நீங்க படிக்கலையா?"

தலைவர் தன் கையிலிருந்த தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய வரிகளை மட்டும் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார்கள். அதைத்தான் ஐந்து நாளும் மனப்பாடம் செய்திருந்தார்.

"பதில் உங்க தாள்ல இருக்கும்னு நினைச்சேன், சாமி. எப்படியும் 'ஆகட்டும்'னு ஒரு வார்த்தை வரும்னு நினைச்சேன்."

ஒலிப்பதிவாளர் கேட்டார்:

"அப்ப முதல் தடவை பதில் வரலைன்னு தெரிஞ்சும் எதுக்குங்க ரெண்டாவது தடவை கேட்டார்?"

"காதுல விழலைன்னு நினைச்சிருப்பார்" என்றார் சாமி.

"நாலாவது தடவைக்குமா?" என்றாள் இயக்குநர். "அதுவும் எப்பக் கேக்கறார் பாருங்க. ஊரைவிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்தா, கட்டிவச்ச ஒழுங்கெல்லாம் நாசம். கோபத்துல ஒருத்தர் வீட்டுச் சாமானைத் தூக்கி வெளியில எறியறார், சிலர் தலைமுடியைப் பிடிச்சு இழுக்கறார். அந்தச் சூட்டோட, என்னை நல்லவிதமா நினைச்சுக்கோங்கறார்!"

"முடியை இழுத்தாரா?" தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சங்கத்துல அதை மட்டும்தான் நான் செய்யலை."

"நீங்க யார்கிட்டயாவது இப்படிக் கேட்டிருக்கீங்களா தலைவரே?" என்று கேட்டாள் இயக்குநர்.

"ஓட்டுக் கேட்டிருக்கேன்."

"அது வேற."

"வேறதான்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஓட்டுன்னா எண்ணிச் சொல்லிடுவான். தோத்தாலும் அன்னிக்கே தெரிஞ்சிடும். இவருக்கு அதுவும் இல்லையே. என்ன தைரியத்துல கேட்டாரு?"

தலைவர் கருவியை மாட்டிக்கொண்டு, தாளை மடித்து ஓரமாக வைத்தார்.

"சாமி, அசையாம நில்லுங்க. நான் பாத்துக்கறேன்."

சாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. தலைவர் அதைப் பார்த்தபடியே நான்காவது வேண்டுதலைச் சொன்னார். குரல் தாழ்ந்து, கடைசி வார்த்தையில் லேசாகக் கரகரத்தது. தெரிந்தவர் வீட்டுக் கதவை, உள்ளே ஆள் இருக்கிறாரோ இல்லையோ என்று தட்டுகிற மாதிரி இருந்தது. சொல்லி முடித்தும் அவர் பார்வையை எடுக்கவில்லை.

இயக்குநர் போனை எடுத்து நாடகக்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணே, மன்னிச்சுக்கோங்க. இன்னிக்கு வரவேண்டாம். ஆமா, கிடைச்சாச்சு. மிச்ச மூணையும் இவரே சொல்லிடுவார்."

கண்ணாடிக்கு அப்பால் தலைவர் இன்னும் அப்படியே நின்றிருந்தார்.

"அக்கா, பாவம், ஓகேன்னு சொல்லுங்களேன். எவ்வளவு நேரமா நிக்கறார்!" என்றார் ஒலிப்பதிவாளர்.

"பதிவு ஓடுதில்ல?"

"ஓடுது. வெறும் அமைதிதான் பதிவாகுது."

"ஓடட்டும்" என்றாள் அவள். "அவர் எவ்வளவு நேரம் நிக்கறார்னு பாப்போம்."