ஏழாம் எண் பனியன்

கபடி கபடி கபடி என்று என் குரல்தான் பாடிக்கொண்டு போகிறது, மூச்சு உடையவில்லை, கால் பின்னவில்லை, ஆனால் எதிரே குனிந்து நிற்பவர்கள் எங்கள் பெண்கள், பாண்டீஸ்வரி, முத்துப்பேச்சி, எல்லாரும் எங்கள் கல்லூரியின் பச்சைப் பனியன், அவர்களைத் தொடத்தான் கையை நீட்டிக்கொண்டு போகிறேன், சொந்த அணிமேலேயே பாடிப் போகிற பைத்தியக்காரி, பறக்கிற செம்மண் தெரிகிறது, சிரிக்கிற கூட்டம் தெரிகிறது, பனியனின் முதுகில் வெள்ளை ஏழு தெரிகிறது, அங்கேதான் எனக்கு ஒவ்வொரு முறையும் இடறும், என் முதுகை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும், இது யாருடைய ஞாபகம், என் தலைக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டி, கடைசி வருஷம், அரையிறுதி, எதிரணிப் பெண் என் காலைக் கட்டிப் பிடிக்கிறாள், இன்னொருத்தியின் முழங்கால் என் நெற்றிப்பொட்டுக்கு நேராக வருகிறது, அந்த முழங்காலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிவரைக்கும் நினைவிருக்கிறது, அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் சாயங்காலம், எங்களைத் தங்கவைத்திருந்த வகுப்பறை, மேலே எரிகிற டியூப் லைட் கண்ணைக் குத்துகிறது, நான் வாளியில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறேன், பாண்டீஸ்வரி என் பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜெயிச்சுட்டோம்டி, உன்னாலதான் ஜெயிச்சோம் என்கிறாள். நான் வாயைத் துடைத்துக்கொண்டு, எப்படிடி ஜெயிச்சோம் என்று கேட்கிறேன், அவள் நான் விளையாட்டுக்குக் கேட்பதாக நினைத்துக்கொண்டு தலையில் தட்ட வந்து, என் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிவிடுகிறாள்.

எனக்குப் பயம்கூட வரவில்லை, சத்தியமாக வேடிக்கையாகத்தான் இருந்தது, யாரோ ஒரு பெண்ணின் கதையைக் கேட்கிற மாதிரி ஆளாளுக்கு ஒரு துண்டாகக் கேட்டு வாங்கினேன், அப்புறம் என்ன செய்தேன், அப்புறம் என்ன சொன்னேன். முத்துப்பேச்சி சொன்னாள், அடி விழுந்ததும் உன்னைய வெளிய தூக்கிட்டுப் போனாங்க, ரெஜினா மேடம் முகத்துல தண்ணி அடிச்சு, பாடிக் காட்டுன்னாங்க, நீ ஒரே மூச்சுல பாடுன, உள்ள அனுப்பிட்டாங்க. பாடிக் காட்டு, அதுதான் எங்கள் பயிற்சியாளர் ரெஜினா மேடத்தின் ஒரே வைத்தியம், கால் சுளுக்குக்கும் பாட்டு, காய்ச்சலுக்கும் பாட்டு, மாதவிலக்கு வயிற்றுவலிக்கும் பாட்டு, மூச்சு உடையாமல் பாடினால் ஆள் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம், அவர் ஆடிய காலத்தில் அவருக்கும் அப்படித்தான் பார்த்தார்களாம், கெட்டவரில்லை, எங்களுக்கு முட்டை வேகவைத்துக் கொண்டுவருவார், மேட்சுக்கு முன்னால் ஒவ்வொருத்திக்கும் தலை பின்னி விடுவார், தங்கமான மனுஷி, ஆனால் பாட்டு என்பது வாய்க்குப் பழகிப்போன சங்கதி, பள்ளிக்கூடத்திலிருந்து பாடிய வாய், அதற்குத் தலை எதற்கு, இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

உள்ள வந்த, நடுக்கோட்டுல நின்ன, திரும்பி எங்க மேலேயே பாடி வந்த, கூட்டமே சிரிக்குது, எனக்கும் சிரிப்புத் தாங்கல, என்று பாண்டீஸ்வரி சொல்கிறாள், நடுவர் சுதாரிக்கிறதுக்குள்ள உன் தோளைப் பிடிச்சு அந்தப் பக்கம் திருப்பி விட்டேன், நீ அதே மூச்சுல போயி ரெண்டு பேரைத் தொட்டுட்டு வந்துட்ட, சொல்லிவிட்டுச் சிரித்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள், ஆனா திருப்புறப்ப உன் கண்ணைப் பாத்தேன்டி, என்னைய யாருன்னே தெரியாத மாதிரி பாத்த, நாளைக்கு இன்னொரு அடி விழுந்துச்சுன்னா என்னடி ஆகும். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, நாளைக்கு இறுதிப் போட்டி, பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர் என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அந்த அணியில் பெயர் வந்துவிட்டால் மேலே படிக்க விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு அடங்கும், மேடத்துக்கிட்ட வாந்தியப் பத்தி வாயத் திறக்காதே என்றேன். படுத்தேன், கண்ணை மூடினால் நடுக்கோடு நகர்ந்து நகர்ந்து போகிறது, எங்கள் பக்கம் எது, அவர்கள் பக்கம் எது, அந்த ஆள் எடுப்பவருக்குப் பிடித்துப்போன ஆட்டத்தை ஆடியவள் யார், அவளை எனக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்போல இருந்தது.

காலையில் மேடம் என் தலையைப் பின்னுகிறார், பொட்டுப் பக்கம் சீப்பு பட்டதும் நான் துடித்துவிடுகிறேன், என்னடி, வலிக்குதா, எங்க பாடிக் காட்டு என்கிறார். பாடுகிறேன், கபடி கபடி கபடி, எவ்வளவு அழகாக வருகிறது, தங்குதடையில்லாமல், பெண்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், பாண்டீஸ்வரி மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள், நேற்றும் இதே வாய் இப்படித்தானே பாடியிருக்கும், உள்ளே ஆளே இல்லாமல், என்று நினைத்ததும்தான் பயம் வந்தது, பாடுகிறவள் தானாக மூச்சை விடவே மாட்டாள், பிடித்து அமுக்கினாலும் விடமாட்டாள், நான் நின்றபடியே விட்டேன். மேடம், நேத்து மேட்ச் எனக்கு ஞாபகமே இல்ல என்றேன். என்னடி சொல்ற, நேத்தும் பாடிக் காட்டுனியே, நல்லாத்தானே பாடுன என்று கேட்டார், பாடுனேனாம் மேடம், எனக்குத் தெரியாது, வாந்தி வேற எடுத்தேன் என்றேன். மேடம் பாதியில் விட்ட பின்னலை முடித்து, ரப்பர் பேண்டு போட்டுவிட்டு, பனியனைக் கழட்டும்மா, மொதல்ல ஒரு நல்ல டாக்டரைப் பாப்போம் என்றார். அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன், அந்த வருஷம் பல்கலைக்கழக அணியில் என் பெயர் வரவில்லை.

டாக்டர் விளக்கடித்துக் கண்ணைப் பார்த்து, கையை நீட்டச் சொல்லி, கோட்டில் நடக்கச் சொல்லி, இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓடக்கூடக் கூடாது என்று அனுப்பினார், மதியம் இறுதிப் போட்டிக்கு ஓரமாகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குப் பதிலாகச் சுருளியம்மாள் இறங்குகிறாள், அவள் துவைத்துப் போட்ட பனியன் காயாததால் என்னுடையதைப் போட்டிருக்கிறாள், அவளுடைய ஈரப் பனியன் என் உடம்பில் ஒட்டிக்கொண்டு சில்லிடுகிறது. முத்துப்பேச்சி தலை மோத விழுந்தாள், கூட்டம் எந்திரி எந்திரி என்று கத்துகிறது, மேடம் ஓடுகிறார், பாடிக் காட்டு என்ற சொல்லுக்காக என் காது காத்திருக்கிறது, அவர் மண்ணில் முட்டி போட்டு அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு, பேச்சி, காலையில என்ன சாப்ட்ட என்று கேட்கிறார். இட்லி மேடம், கல்லு மாதிரி இருந்துச்சு என்கிறாள் அவள், பெஞ்சில் எல்லாருக்கும் சிரிப்பு, நம்ம பக்கம் எதுடி என்று கேட்கிறார், சரியாகத்தான் கை காட்டினாள், அப்படியும் மேடம் அவளை உள்ளே விடவில்லை, கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தார், நல்ல பிடிகாரி வெளியே வந்துவிட்டாள், ஆட்டம் எங்கள் கையைவிட்டு நழுவ ஆரம்பித்தது.

கடைசி ரெய்டு சுருளியம்மாளுக்கு, பாதி ஆட்டத்தில் பக்கம் மாறியதால் எங்கள் பெஞ்ச் இப்போது எதிரணிக்குப் பின்னால் இருந்தது, போனாள், தொட்டாள், திரும்பினாள், திரும்பியதும் அவள் முதுகு எனக்குத் தெரிந்தது, வெள்ளை ஏழு, எதிரே எங்கள் பெண்கள், பாண்டீஸ்வரி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், கபடி கபடி என்று பாடியபடி அவர்களை நோக்கி ஓடுகிற ஏழு, ஒருவேளை இங்கிருந்துதான் அந்த முதுகை எடுத்து நான் முந்தின நாளில் ஒட்டவைத்துக்கொண்டேனோ என்னவோ, பின்னாலிருந்து ஒருத்தி பாய்ந்து காலைப் பிடித்தாள், சுருளி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கையை நீட்டினாள், நான் பெஞ்சிலிருந்து என் கையையும் நீட்டிக்கொண்டிருக்கிறேன், விரலுக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவில் ஒரு சாண் செம்மண். ஜெயித்த ஆட்டத்தை இன்றைக்கும் அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன், தோற்ற ஆட்டத்தில் அந்த ஒரு சாண்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.