உள்ளே வந்த சுவர்

பண்டமாரானில் உள்ள விடிவெள்ளி பெண்பிள்ளைகள் இல்லத்தின் பெரிய படுக்கையறை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வந்தது, காரணம் பெயிண்ட். தீபாவளிக்கு ஒரு நிறுவனம், கிறிஸ்துமஸுக்கு ஒரு நிறுவனம் என்று உதவ வந்தவர்கள் எல்லோரும் அந்த அறைக்குத்தான் பெயிண்ட் அடித்தார்கள். ஒரே நிற டி-சட்டையில் பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள், பேனர் கட்டுவார்கள், பச்சையின் மேல் மஞ்சளும் மஞ்சளின் மேல் ஊதாவும் பூசிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பிவிடுவார்கள். குளியலறையில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒழுகும் குழாய்க்குப் பக்கத்தில் நின்று எவர் படம் எடுத்துக்கொள்வார்? பெயிண்ட் என்றால் மூக்கு நுனியில் கொஞ்சம் தடவிக்கொண்டு பிள்ளைகளோடு சிரிக்கலாம். இப்படியே பூச்சுக்கு மேல் பூச்சாக ஏறி, சுவர்கள் உள்ளே வந்தன. முதலில் அலமாரிக் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. அடுத்து ஜன்னல் விளிம்பு அகலமாகி, பிள்ளைகள் அதில் தலையணை போட்டு உட்கார்ந்து பாடம் படித்தார்கள். பிறகு கட்டில்கள் ஒன்றையொன்று தொட்டன.

இல்லத்தை நடத்தும் மகதலேனா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடும்பத்துப் பெண். வேனை அவரே ஓட்டுவார். பாசாரில் மீன்காரன் எடையில் கைவைத்தால் அங்கேயே அவன் மானத்தை வாங்கிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு, நன்கொடை தருகிறவர்கள் முன்னால் மட்டும் தலை மேலும் கீழுமாகத்தான் ஆடும். வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த வருடம் பெயிண்டோடு சேர்ந்து வரும் அரிசியும் மைலோ டின்களும் வராது என்பது அவர் பயம். சுவர் நகர்வதை முதலில் கவனித்ததும் அவர்தான். ஒட்டிய வீட்டில் இருக்கும் அம்புரோஸிடம் சொன்னார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அம்புரோஸ்; வந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். "ஆமா, உள்ள வருது," என்று ஒத்துக்கொண்டு, சோறு ஆறிவிடும் என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆய்வுக்கு வந்த நலத்துறை அதிகாரி ஜெயமாலா நல்ல மனுஷிதான், ஆனால் கையில் அளவு டேப் இருந்தது. இந்த அளவு அறையில் இத்தனை கட்டில்கள் கூடாது, ஒரு பிள்ளையைச் செலாயாங்கில் உள்ள வேறு இல்லத்துக்கு மாற்ற வேண்டும், அடுத்த மாதம் மறுபடியும் வருவேன் என்றார். கடைசியாக வந்த பிள்ளைதான் போக வேண்டும் என்பது முறை. கடைசியாக வந்தவள் நடாலி. அவளுடைய அக்கா ஷார்மைன் அதே அறையில் இருக்கிறாள். அவள் முன்பே வந்துவிட்டதால் அவளுக்கு இடம் உண்டு. விஷயம் புரிந்ததும் நடாலி அதிகாரியிடமே போய் நின்றாள்.

"அக்கா கட்டில்லயே படுத்துக்கிறேன் ஆன்டி. கால நீட்ட மாட்டேன்."

ஜெயமாலா குனிந்து அவள் தலையைத் தடவினார். ஆனாலும் ஒரு கட்டிலுக்கு ஒரு பிள்ளைதான் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அன்றிலிருந்து நடாலி தன் கட்டிலிலேயே சுருண்டு படுத்துப் பழக ஆரம்பித்தாள். அதை மகதலேனா தினமும் பார்த்தார்.

அந்த மாதமே ஒரு நிறுவனத்தின் பஸ் வந்தது. விமலன் என்கிற இளைஞர் தலைமையில் இளஞ்சிவப்பு பெயிண்ட் டின்கள் இறங்கின. மகதலேனா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"பெயிண்ட் வேணாம் தம்பி. இருக்கிறத சுரண்டிக் குடுத்துட்டுப் போங்க."

"ஆன்டி, எங்களுக்கு பிஃபோர், ஆஃப்டர் போட்டோ வேணும்லா. சுரண்டுனா என்ன தெரியும்?"

"சுரண்டலைன்னா ஒரு பொண்ணு இங்க இருக்காது. அது நல்லா தெரியும்."

சொன்ன பிறகு அவர் கண் பஸ் பக்கம் போனது. அரிசி மூட்டைகள் இன்னும் பஸ்ஸுக்குள்தான் இருந்தன. விமலன் உள்ளே வந்து பார்த்தார். கட்டில்களுக்கு நடுவே நுழைய முடியாமல், பிள்ளைகள் செய்வதுபோல அவரும் கட்டில் மேல் ஏறித்தான் ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்து, ஹார்டுவேர் கடைக்கு ஆள் அனுப்பிப் பெயிண்ட் சுரண்டும் தகடுகள் வாங்கிவரச் சொன்னார்.

ஊதா உதிர்ந்தது, மஞ்சள் உதிர்ந்தது, அதற்குக் கீழே யாருக்கும் ஞாபகமில்லாத நிறமெல்லாம் உதிர்ந்தது. லோரி பிடித்து அள்ள வேண்டியிருந்தது. சாயங்காலம் சிமெண்ட் தெரிந்தபோது அறை பழைய அளவுக்கு வந்திருந்தது. தகடுகளைக் கீழே வைத்த பிறகும் அம்புரோஸ் வீட்டுப் பக்கச் சுவர் மட்டும் நிற்கவில்லை. இத்தனை வருடம் உள்ளே நடந்து பழகிய சுவருக்குத் திரும்பிப் போகும்போது எங்கே நிற்பது என்று தெரியவில்லை போலும். யாரும் தொடாமலே அது ஒரு கட்டில் அகலத்துக்குப் பின்னால் போய், பிறகு நின்றது. மகதலேனா பதறிப்போய் அம்புரோஸ் வீட்டுக்கு ஓடினார். அவர் ஹாலில் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. சோபா வைத்த இடத்தில் இருந்தது, சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம் அசையாமல் தொங்கியது. "பிள்ளைங்களுக்கு எடம் கெடச்சா சரி," என்றார் அம்புரோஸ்.

ஜெயமாலா வந்து அறையை அளந்தார். வெளியே போய் வீட்டை அளந்தார். உள்ளே இருந்த அளவு வெளியே இருந்த அளவைவிடப் பெரிதாக இருந்தது. விதியில் உள் அளவு என்றுதான் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

விமலன் நிறுவனம் மறு வருடம் குழாய்களை மாற்றிக் கொடுத்தது, அரிசியும் நிற்கவில்லை. இப்போது அறை கூட்டிப் பெருக்க முடியாத அளவுக்குப் பெரிதாகிவிட்டால் மகதலேனா பெயிண்ட் அடிக்க ஆள் கூப்பிடுகிறார். புதுப் பிள்ளை வருவதாகப் போன் வந்தால் தகட்டை எடுக்கிறார். சுரண்டுவதில் நடாலிதான் கெட்டிக்காரி. போன வாரம் பூச்சோங்கிலிருந்து ஒரு சிறுமி வந்தாள். கொடுத்த கட்டிலின் ஓரத்தில், யாருக்கும் இடைஞ்சல் ஆகிவிடக் கூடாதே என்று முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்தாள். நடாலி அவள் பாதங்களைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தாள்.

"நல்லா நீட்டிப் படுலா. பத்தலைன்னா சுவரு தள்ளிக்கும்."