நின்றவர்களும் உட்கார்ந்தவர்களும்

எம்.எஸ்சி. நர்சிங் படிக்கச் சேர்ந்தபோது தாட்சாயணிக்கு நாற்பதை நெருங்கும் வயது. சித்தூரில் ஆஸ்பத்திரி டூட்டி, திருப்பதியில் கல்லூரி. நடுவில் ரயிலில் பாகாலா வருவதற்குள் கண் சொருகிவிடும். எப்படியாவது தீசிஸை முடித்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் நாள் முழுக்க ஈரத் தரையில் நின்று பழம் நறுக்கும் பெண்களின் கால்வலிதான் ஆய்வு. முப்பது பேருக்குச் சில கால் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தாள். வலி எவ்வளவு என்று பத்துக்குள் ஒரு எண்ணாகச் சொல்லச் சொல்லி, பயிற்சிக்கு முன்னும் சீசன் முடியும்போதும் கேட்டாள்.

கணக்குப் போட்டுத் தந்த கம்ப்யூட்டர் சென்டர் நிதின், "வித்தியாசம் ஒண்ணும் வரலக்கா" என்றான். முன்பு கேட்டதை ஒரு கூட்டமாகவும் பின்பு கேட்டதை வேறொரு கூட்டமாகவும் வைத்து அவன் ஒப்பிட்டிருந்தான்.

"ரெண்டு தடவையும் அதே பொம்பளைங்கதாம்பா. அவங்கவங்க நம்பர அவங்கவங்களோடதான் ஒத்துப் பாக்கணும்" என்று சொல்லி, ஜோடி ஜோடியாகச் சேர்த்து டி டெஸ்ட் போடவைத்தாள். இந்த முறை விடை பாயிண்ட் ஜீரோ த்ரீ. பாயிண்ட் ஜீரோ ஃபைவுக்குக் கீழே வந்தால் அது தற்செயல் இல்லை என்று கணக்கு. பயிற்சிக்குப் பலன் உண்டு என்று எழுதிவிடலாம். அவளுடைய கைடு ஹரிதா மேடத்துக்கும் திருப்தி.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ரயிலில் அந்தத் தாளை மறுபடி பிரித்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தாள். பெரும்பாலான பெண்களுக்கு வலியின் எண் ஒன்று ஏறியோ ஒன்று இறங்கியோதான் இருந்தது. ஐந்தே பேருக்கு மட்டும் தடாலென்று விழுந்திருந்தது. சராசரியைக் கீழே இழுத்தவர்கள் அந்த ஐவர்தான். இப்படிச் சிலர் மட்டும் இழுத்துப் போகும்போது, அதுவும் வலிக்குச் சொன்ன எண்ணை வைத்துக்கொண்டு, சராசரியை நம்பக் கூடாது. ஏற்ற இறக்கங்களைச் சிறியது பெரியது என்று வரிசைப்படுத்திப் பார்க்கும் வில்காக்சன் டெஸ்ட்தான் சரி என்று வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. நிதினிடம் சொல்லி அதைப் போட்டுப் பார்த்தாள். பாயிண்ட் ஒன் ஃபைவ். பலன் இருப்பதாகச் சொல்ல வழியில்லை.

"எதுக்கும்மா இந்த வம்பு?" என்றார் ஹரிதா மேடம். "நல்லா வந்த ரிசல்ட்ட நீயே கெடுத்துக்கற. யாரு கேக்கப் போறாங்க?"

"தெரியல மேடம். எனக்கும் முடிஞ்சாப் போதும்னுதான் இருக்குது. ஆனா அந்த அஞ்சு பேருக்கு மட்டும் ஏன் கொறஞ்சுச்சுன்னு கேட்டுட்டு வந்துடறேன்."

மறுநாள் டூட்டி முடிந்து, வீங்கிய காலோடு ஃபேக்டரிக்குப் போனாள். ஐவரில் ஒருத்தியான சென்னம்மா டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்ன எக்சசைஸா நர்சம்மா? பொய் சொல்லக் கூடாது, நாலு நாள் செஞ்சேன், அப்புறம் உட்டுட்டேன். சீசன் நடுவுல எங்க அஞ்சு பேரையும் இந்தப் பக்கம் மாத்திட்டாங்க இல்ல? உக்காந்துக்கினே வேல. அதான் வலி போயிடுச்சு."

தாட்சாயணி பக்கத்திலிருந்த பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். இத்தனை நாள் அலைந்தது இதற்குத்தானா என்றிருந்தது.

பயிற்சியால் பலன் இருந்ததாகச் சொல்ல முடியவில்லை என்றே எழுதினாள். உட்காரும் வேலைக்கு மாறிய ஐவரைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தாள். மேடம் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "சரேம்மா, உன் இஷ்டம்" என்று கையெழுத்துப் போட்டார்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர், ஏன் டி டெஸ்ட் போடவில்லை என்றுதான் முதலில் கேட்டார். சொன்னாள். தலையாட்டினார். பாராட்டவில்லை, பாஸ் போட்டார், சுமாரான மார்க்கோடு.

அந்த ஒரு பத்தியை மட்டும் தெலுங்கில் எழுதி ஃபேக்டரி மேனேஜரிடம் கொடுத்தாள். "சூத்தாம் மேடம்" என்று வாங்கி மேஜைமேல் வைத்தார். சூத்தாம், அதாவது பார்க்கலாம் என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த சீசனில் சென்னம்மா போன் செய்தாள். பழம் நறுக்கும் இடத்தில் ஒரே ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்களாம். முறை வைத்து உட்காருகிறார்களாம்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். அதுக்கே சண்ட நடக்குது நர்சம்மா."