நாலு விரற்கடை

...நாலு விரற்கடைதான் குறைகிறது, இழுத்தால் வந்துவிடும், வராமல் எங்கே போகும் என்று ரோனா மெக்காஸ்கில் பனியில் ஒருக்களித்துக் கிடந்தபடி பிக்கப்பின் பின்சக்கரத்துக்கு அப்பால் கையை நுழைத்து உள்பக்கக் கொக்கியை மறுபடி இழுத்தாள், வரவில்லை, விரல்கள்தான் மரத்து யாரோ இரவல் கொடுத்த விரல்கள் மாதிரி ஆயின. பனியில் வழுக்காமல் டயரைச் சுற்றி மாட்டுகிற சங்கிலி, பழைய டயருக்கு வாங்கியது. டயர் புதியது, பெரியது, ஏப்ரலில் சேற்றுக்காக மாட்டியது. கம்பளி கத்தரிக்கிற கொட்டகை ஆணியில் தொங்கிய சங்கிலியை ஒருநாளாவது எடுத்து இந்த டயர்மேல் போட்டுப் பார்த்தாளா... வெயில் நாளில் யார் பார்ப்பார்கள்? ரான்ஃபர்லி ஊர் டயர் கடைக்காரனிடம் ஒரு மணி நேரம் பேரம் பேசினாள், அவன் விலையில் இறங்கவே மாட்டேன் என்றான், கடைசியில் கடைப் பெயர் போட்ட கம்பளித் தொப்பி ஒன்றை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஜெயித்த தோரணையில் வெளியே வந்தாள், அந்த ஒரு மணி நேரத்தில் சங்கிலி என்ற சொல் அவள் வாயில் வரவில்லை, அவன் வாயிலும் வரவில்லை, அவன் வாயில் ஏன் வரப்போகிறது, எப்போது வாயைத் திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று தெரிந்தவன்தானே கல்லாவில் உட்காருகிறான். தொப்பி நல்ல தொப்பிதான், அதைக் குறை சொல்ல முடியாது. காது கதகதப்பாக இருக்கிறது. ஆடுகளுக்கு அது போதுமா?

முந்நூற்று நாற்பது ஆடுகள், எல்லாம் சினை. ஞாயிற்றுக்கிழமை இரவு பிடித்த பனி, அவை நிற்கிற மலை மேல்மேய்ச்சலில் இடுப்பளவு கிடக்கிறது, இன்று புதன், நான்காம் நாள். பட்டினி கிடக்கிற ஆடு நாலாம் நாள் பக்கத்து ஆட்டின் முதுகுக் கம்பளியைத் தின்னத் தொடங்கும், அதற்கப்புறம் அதற்குப் புல்லைக் காட்டினாலும் எழுந்து வரத் தெம்பு இருக்காது. மணி பதினொன்று. இந்தத் தென்கோடியில் ஜூலைதான் நடுக்குளிர்காலம், ஐந்துக்கெல்லாம் இருட்டு. உலர்புல் கட்டுகள் பிக்கப்பின் பின்தட்டில் ஏற்றியாயிற்று, நாய்கள் இரண்டும் கட்டுகளின் மேலே உட்கார்ந்து கீழே கிடக்கிற எஜமானியை வேடிக்கை பார்க்கின்றன, நாய்கள் போதாதென்று பக்கத்துப் பண்ணை லின்சே ப்ரென்டிஸ் வேறு, தன் வண்டியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு.

"முன்னாடி மாட்டு ரோனா. இறங்கும்போது ஸ்டியரிங் பிடிக்க வேணாமா உனக்கு?"

"முன்னாடி எடம் எங்கய்யா இருக்கு? சக்கரத்தைத் திருப்பினா சங்கிலி பிரேக் ஹோஸை அறுத்துரும். அப்புறம் இறங்குறது ரொம்ப சுலபம், நிக்கவே நிக்காது."

"அப்ப பனி தள்ளுற புல்டோசருக்குக் காத்திரு. மூணு மணிக்கு அனுப்புறோம்னு கவுன்சில்ல சொல்லியிருக்காங்க."

மூன்று மணிக்குக் கிளம்பி, ஆமை மாதிரி ஊர்ந்து, மேலே போய்ச் சேர்ந்தால் இருட்டில் எது ஆடு, எது பனிக்குவியல்? காத்திரு, காத்திரு... பிறந்ததிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் அவளிடம் எல்லோரும் சொல்கிற ஒரே சொல் இதுதான், அப்பா சொன்னார், பாங்குக்காரன் சொன்னான், டனீடனில் வக்கீல் அலுவலக ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தம்பி ஸ்ட்ரூவன் சொல்கிறான், பண்ணையில் பாதி அவன் பெயரில் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை சொல்கிறான்.

"பழைய டயரே போதும்னு ஸ்ட்ரூவன் அன்னிக்கே சொன்னான்ல?" என்றார் லின்சே, அவள் நினைப்பதை எட்டிப் பார்த்தவர் மாதிரி.

"ஸ்ட்ரூவனுக்கு டயர் வட்டமா இருக்கும்னு தெரியும். அதுக்கு மேல கேட்டா புஸ்தகத்தைப் புரட்டணும்."

சிரித்தார், சிரிக்கட்டும். அவள் வால்வைத் திறந்து காற்றை இறக்கினாள், டயர் பெருமூச்சு விட்டுத் தளர்ந்தது, சங்கிலியை மறுபடி போர்த்தி இழுத்தாள், நாலு விரற்கடை மூன்றாயிற்று, அதற்கு மேல் ஒரு நூல் நகரவில்லை. அடடா, டயர்கூடப் பேரத்துக்குப் படிந்து வருகிறது, ஆனால் கடைக்காரன் புத்தி அதற்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது, ஒரு தொப்பி அளவுக்கு மேல் இறங்க மாட்டேன் என்கிறது... சரி, உன்னை எப்படி மடக்குகிறேன் பார். எழுந்தாள், முழங்கால் சடசடத்தது, ஐம்பத்திரண்டு வயது முழங்கால். சுவரோரம் டிரெய்லர் நின்றது, அதன் மூக்கில் காவல் சங்கிலி, கொக்கி கழன்றால் டிரெய்லர் ஓடிவிடாமல் பிடிக்கிற தடித்த சங்கிலி. கம்பி வெட்டும் பெரிய கத்திரியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அதையா வெட்டப்போற? பைத்தியமா உனக்கு? நாளைக்கு டிரெய்லரை எதை வெச்சுக் கட்டுவ?"

"நாளைக்கு ஆடு உயிரோட இருந்தாத்தானே டிரெய்லரே வேணும்?"

நாலு துண்டு, துண்டுக்கு மூன்று கண்ணி. ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. துண்டின் இரண்டு நுனியையும் சேர்க்கத் திருகிப் பூட்டுகிற வளையம் எட்டு வேண்டும், அவளிடம் இருந்தது ஐந்து. அவள் எண்ணுவதை லின்சே பார்த்தார், தன் பெட்டியைக் கிளறி மூன்றை எடுத்து நீட்டினார். "இந்தா. யாராவது கேட்டா நான் குடுக்கல." கிட்டே வந்தார், தானும் மறுபக்கச் சக்கரத்தடியில் படுத்தார், ஆனால் வாய் மட்டும் நிற்கவில்லை, கொக்கி முனை வெளியே பார்க்கட்டும், ரப்பரைக் குத்தும், அதுகூடத் தெரியாதா... தெரியும், தெரியும், தெரிந்ததையே திரும்பச் சொல்கிறவர்களால்தான் இந்த நாட்டில் மனிதருக்குத் தெரியாமல் போகிறது. உள்கொக்கி விழுந்தது. கிளிக். வெளிக்கொக்கி விழுந்தது. இறுக்குகிற ரப்பரை மாட்டினாள், காற்றை மறுபடி ஏற்றினாள், டயர் புடைத்துச் சங்கிலியைத் தானே கவ்விக்கொண்டது. உள்ளே ஸ்பிரிங் பட்டைக்கும் சங்கிலிக்கும் இடையில் இரண்டு விரல் நுழைந்தது. போதும். வராது என்றார்களே, வந்ததா இல்லையா!

லின்சே தன் வண்டியிலிருந்து மண்வாரியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "உன்னோட வரேன். கவிழ்ந்தா தோண்டி எடுக்க ஒரு ஆள் வேணும்ல."

"கவிழ்ந்தா நீயும்தான்யா உள்ள இருப்ப."

வண்டி நகர்ந்தது. ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டென்று இடித்தது, இருந்தாலும் பிடித்தது, வாயிற்கதவைத் தாண்டி மேட்டில் கால் ஊன்றி ஏறியது, அவளுக்குப் பாட வேண்டும்போல் இருந்தது, ஸ்ட்ரூவன் இப்போது பார்க்க வேண்டும், அந்த வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வான்... ஐம்பது கெஜம் போனதும் நிறுத்தினாள், புதிதாக மாட்டிய சங்கிலி கொஞ்சம் ஓடியதும் தளரும், இறங்கி இறுக்க வேண்டும், அதை மட்டும் யாரும் மறப்பதில்லை. சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டாள். தளர்ந்திருந்தது, ஒரு கண்ணி இழுத்தாள். மேலே மலை வெள்ளையாக, ஒரு புள்ளிகூட இல்லாமல், ஓர் ஆட்டின் சத்தம்கூட இல்லாமல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது பழுப்பாக இருந்தது. அன்று காலையிலேயே வானொலியில் பனி என்று கேட்டு, ஆடுகளை இறக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்து, சாப்பாட்டுக்கு அப்புறம் பூட்ஸ் மாட்டி நாய்களுக்கு விசில் கொடுத்திருந்தாள், வாசலில் நின்றிருந்தாள், அப்போதுதான் போன் மணி, ஸ்ட்ரூவன். "ரோ, ஞாயித்துக்கிழமை பெரிய பனி வருதாம். ஆடுங்களைக் கீழ எறக்கிடு, என்ன?" அவ்வளவுதான் சொன்னான். பணிவாகத்தான் சொன்னான். போனை வைத்துவிட்டு அவள் என்ன செய்தாள்... உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். ஒரு கால். இன்னொரு கால். வானிலைக்காரன் எப்போது சரியாகச் சொன்னான் என்று நாய்களிடம் சொன்னாள். நாய்கள் நம்பின.

அப்படியானால் அவன் கூப்பிடாமல் இருந்திருந்தால்?

"டைட்டா இருக்கா?" லின்சே கண்ணாடியை இறக்கிக் கத்தினார்.

"இருக்கு, இருக்கு. அதெல்லாம் எனக்குத் தெரியும்!" என்று அவளும் கத்தினாள், கத்திய பிறகுதான் அந்தக் குரல் காதில் விழுந்தது. அவர் கேட்க மட்டும்தானே செய்தார்... ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டாள், சக்கரம் தட், தட் என்று மேட்டில் ஏற ஆரம்பித்தது, ஸ்ட்ரூவன் வேண்டாம் என்ற இந்த டயரைக்கூடச் சேற்றுக்காகத்தான் வாங்கினோமா என்று அவளுக்கு இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.