தலையில்லாத எனோரா

பிரான்ஸின் பிரெத்தோன் கடற்கரையிலுள்ள எங்கள் ஆய்வு நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடற்புழுக்களோடு குப்பை கொட்டுகிறேன். உலகத்துக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு புது இனம். விரல் நீளம் இருக்கும், தலை கிடையாது. அதற்கு என் மனைவி எனோராவின் பெயரை வைத்தேன். மற்றவர்கள் மனைவிக்கு மோதிரம் வாங்கித் தருவார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. தலை ஏன் மறைந்தது என்று நாற்பது பக்கத்துக்கு விளக்கம் வேறு எழுதினேன். அந்தப் புழுவைக் காட்டித்தான் இந்த ஆண்டு பாரிஸில் பேராசிரியர் பதவி கேட்டிருந்தேன்.

மார்ச் மாதம் கடல் வெகுதூரம் உள்வாங்கிய ஒரு காலையில் மணலில் இறங்கினேன். தூண்டில் இரைக்குப் புழு தோண்டி விற்கும் பெரின் எனக்கு முன்னால் கிளறிக்கொண்டிருந்தாள். மண்வெட்டி பட்டதும் அவள் தினமும் விற்கும் சாதாரணப் புழு ஒன்று பின்பாதியை உதறிவிட்டு வளைக்குள் போய்விட்டது. மணலில் நெளிந்துகொண்டிருந்தது என் எனோரா.

இது என்னவென்று கேட்டேன்.

"வாலுதான் ஐயா. பயந்தா கழட்டிப் போட்டுட்டு ஓடிடும். இதை மீனுகூடத் தொடாது."

இத்தனை ஆண்டுகளில் அவளிடம் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. பேசாமல் இருந்துவிட்டால் பதவி கிடைத்துவிடும் என்று வீடு வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன்.

மதியச் சாப்பாட்டில் எனோராவிடம் உளறிவிட்டேன். அவள் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். என் நாற்பது பக்கக் கட்டுரைக்கு அவள் வரைந்து தந்த மூலப்படம். ஓரத்தில் அவள் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'தலையைக் காணோமே. அறுந்த வாலோ?' அதன் கீழே என் கையெழுத்து: 'படத்தை மட்டும் வரை.'

சூப் ஆறிப்போயிருந்தது. அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"புழுவுக்கு என் பேரு வேணும்னு நான் கேட்டேனா?" என்றாள். "திருத்தம் எழுதுங்க. யார் யார் கண்டுபிடிச்சாங்கன்னு அதுல ஒழுங்கா போடுங்க."

எழுதி அனுப்பினேன். பாரிஸ் பதவி வேறொருவருக்குப் போயிற்று. நான் எழுதியவற்றில் மற்றவர்கள் இன்றும் எடுத்துப் படிப்பது அந்த ஒன்றரைப் பக்கத் திருத்தத்தை மட்டும்தான். அதில் முதல் பெயர் எனோராவுடையது, அடுத்தது பெரினுடையது. என் பெயர் கடைசியில், வாலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.